ஜாடி மூடியை இறுக்கி வைத்திருக்கிறேன்

டரல்,

பத்து மணிக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற கரோலின் வருகிறாள். வாசலில் கிடக்கும் பனியை வாரி ஓரமாகப் போடு. போன தடவை வழுக்கி விழப் பார்த்தாள். மான்கறிக் குழம்பு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. எமெட் மறுபடியும் தொட்டிலில் தூங்குகிறான்.

பிஸ்கட் ஜாடியில் கை வைக்காதே. பையனுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது, நேற்றுவரை ஒரு வார்த்தை கிடையாது. பிஸ்கட் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கைக்கு வரக் கூடாது, அப்போதுதான் வாயைத் திறந்து கேட்பான் என்று கரோலின் படித்துப் படித்துச் சொன்னாள். நீயோ அவன் ஜாடியைத் தொடுவதற்குள் திறந்து நீட்டுகிறாய். அவள் அவனிடம், "உனக்கு என்ன வேணும் கண்ணா?" என்று கேட்டால், "அவனுக்கு பிஸ்கட் வேணுமாம்" என்று நீ முந்திக்கொள்கிறாய். நீ என்ன அவனுக்கு வக்கீலா?

நேற்று இதைச் சொன்னதற்கு, "பட்டினி போட்டாடி புள்ளைய பேச வைக்கப் போற, ராட்சசி?" என்று கத்தினாய். அதை மறக்க மாட்டேன். இன்றைக்கு அவள் முன்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்.

கார் சாவியை நான் எடுத்துப் போகிறேன். சாயங்காலம் வந்ததும் என்னிடம் பேச்சுக் கொடுக்காதே.

மார்லா

பி.கு. (இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்.) விடியற்காலையில் நீ குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது எமெட் ஜாடியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். நான் கை நீட்டவில்லை, காத்திருந்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு உன் அறைப் பக்கம் திரும்பி, "அப்பா" என்று கூப்பிட்டான். தெளிவாக.

கரோலினிடம் நீயே சொல்லிவிடு. எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.