பத்து பீன்ஸ் செடிகளும் ஒரு வாளி சாம்பலும்

மார்ச் 4

மகளின் பிரசவத்துக்கு மனைவி போய்ப் பன்னிரண்டு நாள். பின்புறத்துப் பத்து பீன்ஸ் செடிகளை என் தலையில் கட்டிவிட்டாள். மூன்று வருடமாக நல்ல காயாகப் பார்த்துச் சேர்த்த விதை, மொத்தமும் மண்ணுக்குள். "போனா போனதுதான், வேற விதை இல்ல" என்றாள்.

இன்று இலைகள் மஞ்சள்.

மார்ச் 5

உரக்கடையில் யூரியா கேட்டேன். கடைக்கார அம்மா தரவில்லை.

"பீன்ஸ் காத்துலேருந்தே தழைச்சத்தை எடுத்துக்கும் சார். யூரியாவைக் கொட்டினா இலைதான் மண்டும், பூ வராது. மஞ்சள் கொழுந்துலயா, அடி இலையிலயா?"

தெரியாது. கட்டிய மனைவியின் புடவை நிறத்தையே கவனிக்காதவனிடம் கேட்கிற கேள்வியா?

மார்ச் 6

கொழுந்தில்தான். நரம்பு பச்சை, நடுவே மஞ்சள். அடி இலைகள் ஜம்மென்று இருக்கின்றன. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் — ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன்.

ஐயோ, வேரெல்லாம் மிளகு மிளகாக முடிச்சு! நோயேதான். மீதி ஒன்பதையும் பிடுங்கக் கை பரபரக்கிறது. காலையில் அந்த அம்மாவிடம் காட்டிவிட்டு...

மார்ச் 7

கடைக்கார அம்மா முடிச்சை நகத்தால் கீறினார். உள்ளே இளஞ்சிவப்பு.

"நோயா? இது செடி தழைச்சத்தைச் சமைக்கிற சமையல்கட்டு சார்! சிவப்பா இருந்தா அடுப்பு எரியுதுன்னு அர்த்தம். நல்லா சமைச்சிட்டு இருந்ததைப் போய்ப் பிடுங்கிட்டீங்களே!"

கடையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

"கொழுந்து மஞ்சளா இருந்தா இரும்புச்சத்து ஏறலன்னு அர்த்தம். மண்ணுல என்ன போட்டீங்க?"

சாம்பல். பூச்சி அண்டாது என்று மாடிவீட்டுக்காரர் சொன்னார், வாளியோடு கவிழ்த்தேன். அவர் வீட்டில் ஒரு பூந்தொட்டிகூடக் கிடையாது என்பது இப்போதுதான் உறைக்கிறது. சாம்பலின் காரம் இரும்பை மண்ணிலேயே பூட்டிவிடுமாம்.

மார்ச் 8

சாம்பலைச் சுரண்டி எடுத்தேன். சாயங்காலம் இலைமேல் அந்த அம்மா கொடுத்த இரும்புச்சத்துக் கரைசல் தெளித்தேன். பாதி என் சட்டைக்கு.

மார்ச் 11

பேத்தி பிறந்தாச்சு! மனைவி வீடியோவில் காட்டினாள். அடுத்த மூச்சில், "செடியைக் காட்டுங்க." குழந்தையின் மூக்கு யார் ஜாடை என்று பேச்சை மாற்றினேன். நம்பின முகமாக இல்லை.

மார்ச் 17

புதுக் கொழுந்து பச்சை! ஒன்பதிலும்! தெருவில் யாரைக் கூப்பிட்டுச் சொல்வது?

ஏப்ரல் 20

வந்துவிட்டாள். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை, எண்ணினாள்.

"ஒம்பது."

ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. செடியில் காய்ந்திருந்த நெற்று ஒன்றை உடைத்து, ஒரே ஒரு விதையை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"காலி இடம் உங்களுது. தோண்டிப் பாக்காம வளருங்க."

ஏப்ரல் 23

விதையை ஊன்றி மூன்று நாளாயிற்று. முளைக்கவில்லை. தோண்டவும் இல்லை. உள்ளே என்னதான் நடக்கிறதோ!