கோழி மருந்து டப்பா

நனைந்த சாக்கு வெயிலில் காயும்போது ஒரு புளித்த வாடை வருமே, அது இன்று காலை பத்து மணிக்கே வந்துவிட்டது. மாசி மாதம்தான் நடக்கிறது. மகன் கோழிப் பண்ணையின் கம்பி வலையில் வெக்கை தணியச் சாக்குகளைக் கட்டி நனைத்துக்கொண்டிருந்தான். நம் காலத்தில் பங்குனி பாதிக்கு மேல் தொடங்கிய வேலை அது. வாடை மூக்கில் ஏறியதும் உன் மேல் இருக்கிற கோபமும் ஏறிவிட்டது, மாப்ளே. இத்தனை வருஷத்தில் அது கொஞ்சமும் ஆறவில்லை.

தொண்ணூறுகளில் பல்லடத்தில் நாம் இரண்டு பேரும் கூட்டாகப் போட்ட பண்ணை. சிமெண்ட் சீட்டுக் கூரை. அந்தச் சித்திரையில் ஒரே மதியத்தில், நாற்பத்தைந்து நாள் வளர்ந்து கறிக்கு லாரி ஏற இருந்த பெருத்த கோழிகளாகப் பார்த்து விழுந்து செத்தன. கால்நடை டாக்டர் வந்து ஒன்றை அறுத்துக் காட்டினார். வெயில் ஏற ஏற உடம்பைக் குளிர்விக்க நெஞ்சு இரட்டிப்பாக அடித்துக்கொள்ளும், தாங்காதபோது நின்றுவிடும் என்றார். நீ அந்தச் சின்ன இதயத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

"மனுசனுக்கும் இப்படித்தானுங்களா, டாக்டர்?" என்று கேட்டாய்.

அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஏன், நீயும் நாப்பத்தஞ்சு நாள்ல லாரி ஏறப் போறயா?" மூன்று பேரும் சிரித்தோம். நீயும்தான் சிரித்தாய். உன்னுடைய அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த வாரம் அடித்த காற்றில் கூரைமேல் போட்டிருந்த தென்னை ஓலை சரிந்துவிட்டது. உயரம் என்றால் எனக்குக் கை கால் உதறும், அதனால் எப்போதும் ஏறுவது நீதான். உச்சி வெயிலில் ஏறச் சொன்னது நான். "ஏறிப் பரப்பிப்போட்டு வந்துரு மாப்ளே, கோழி வாயப் பொளக்குது." நீ துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஏறினாய். இறங்கி வந்து தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, முகம் வெளுத்திருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல, வெயிலு. நீ போயி கோழியப் பாரு."

நானும் போய்க் கோழியைப் பார்த்தேன். திரும்பி வந்தபோது உன் உயிர் போயிருந்தது.

குடிதண்ணீரில் மருந்து கலப்பது எப்போதும் உன் வேலை. காரியம் முடிந்த மறுநாள் அதை நான் செய்ய வேண்டி வந்தது. தீவன அறையில் கோழி மருந்து டப்பாவைத் திறந்தேன். பொடிக்கு மேலே ஒரு பாலிதீன் பை. அதற்குள் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும் கோயமுத்தூர் இருதய டாக்டரின் சீட்டும் இருந்தன. வெயிலில் கடும் வேலை கூடாது என்று எழுதியிருந்தது. தை மாதத்துச் சீட்டு. மோட்டாருக்குச் சாமான் வாங்கி வருகிறேன் என்று என்னிடம் சொல்லிப் போனாயே, அன்றைய தேதி.

தொட்டியிலிருந்து அந்த அறை முப்பது அடி இருக்குமா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடியிருப்பேன். அதற்கு முன்னால் உன்னைக் கூரையிலேயே ஏற்றியிருக்க மாட்டேன். தெரிந்தால் பண்ணைக்குள்ளேயே விடமாட்டேன் என்று பயந்திருப்பாய். சரியான பயம்தான். ஆனால் உன்னை ஏற்றிக் கொன்றவன் நான் என்று ஒவ்வொரு கோடையிலும் நினைக்க வைத்துவிட்டாயே, இது துரோகம் இல்லாமல் வேறென்ன? உன் சம்சாரத்துக்கும் அந்தச் சீட்டு விஷயம் தெரிந்திருக்கவில்லை. என்னை அவர் ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை.

போன கோடையில் எனக்கும் நெஞ்சில் அடைப்பு என்று தெரிந்தது. வருஷா வருஷம் வெயில் கூடிக்கொண்டே போகிறது, இந்த மாதங்களில்தான் மாரடைப்பு என்று நிறையப் பேர் வருகிறார்கள், பகலில் வெளியே நிற்காதீர்கள் என்று டாக்டர் விளக்கிச் சொன்னார். எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை. அறுத்த கோழியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்ட பாடம்தான். என் மாத்திரை எங்கே இருக்கிறது என்று மகனுக்கும் மருமகளுக்கும் தெரியும், தீவனம் கொண்டுவரும் லாரி டிரைவருக்குக்கூடத் தெரியும். கேட்டவர்கள், கேட்காதவர்கள் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

உன்னிடம் மட்டும் வீம்புக்குச் சொல்லாமல் இருந்தேன். சட்டைப் பையில், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது, மாப்ளே.