கிடாவை முந்திக்கொண்டு சிலிர்த்தவனுக்கு

இடது கண் இன்று காலை மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. பூச்சந்தையில் என் கடையில் பிச்சிப்பூச் சாக்கை அவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். வாசனை மூக்கில் ஏறிய அதே நேரம் கீழ் இமை துடித்தது. நின்றது. யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்துகொண்டு மறுபடி துடித்தது. சாக்கை அப்படியே போட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தேன். பாதி வழி போன பிறகுதான் எங்கே போகிறேன் என்பது உறைத்தது. உன் மருந்துக்கடைக்கு. அங்கே இப்போது செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டித் தருகிறார்கள். கடை போனதும் ஆள் போனதும் எனக்குத் தெரியும், காலுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

சங்கரன்கோவிலில் மற்ற மருந்துக்கடைக்காரர்கள் எல்லாம் மருந்து விற்றுப் பேர் வாங்கினார்கள். நீ விற்க மாட்டேன் என்று சொல்லியே பேர் வாங்கினாய். மேலநீலிதநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பெரியவர், "தோள்ல சதை துடிச்சுக்கிட்டே இருக்கு அண்ணாச்சி, நரம்புக்கு நல்ல டானிக்கா ஒண்ணு தாங்க" என்று கேட்டது நினைவிருக்கிறதா? "ராத்திரி எப்பம் படுத்திய? டீ எத்தன குடிச்சிய? வீட்டுல என்ன கவலை?" என்று போலீஸ்காரர் மாதிரி குறுக்கு விசாரணை செய்துவிட்டு, "டானிக்கெல்லாம் வேண்டாம். போய்த் தூங்குங்க, தானா நிக்கும்" என்று அனுப்பிவைத்தாய். அவர் உனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேராக எதிர்க் கடைக்குப் போய் பெரிய பாட்டிலாக வாங்கிக்கொண்டு போனார். நீ அதைப் பார்த்துக்கொண்டே நின்றாய்.

"சதைக்குப் பஞ்சாங்கம் தெரியாதுலே," என்பாய். "ஓய்வில்லைன்னா இழுக்கும், கவலைப்பட்டா இழுக்கும், டீயைக் கொட்டிக்கிட்டே இருந்தா இழுக்கும். நாளைக்கு நடக்கப்போறது அதுக்கு எப்படிலே தெரியும்?" உடம்பு சிலிர்ப்பதற்கும் உன்னிடம் கணக்கு இருந்தது. குளிர்ந்தால் சிலிர்க்கும், பயந்தால் சிலிர்க்கும், மனசு நிறைந்தாலும் சிலிர்க்கும்; எல்லாம் நரம்பு செய்கிற வேலை. அருள் வந்து ஆடுகிறவர்களைப் பற்றி யாராவது பயபக்தியோடு பேசினால் உடனே குறுக்கே விழுவாய். "ஒண்ணுக்குப் போனாலுந்தான் சிலிர்க்கு. அது எந்தச் சாமி?" என்று கேட்டு, பக்திமான்களைப் பத்தடி தள்ளி உட்கார வைத்துவிடுவாய்.

ராஜபாளையம் பஸ்ஸில் நான் கண்ணயர்ந்து, திடுக்கென்று காலை உதறி, முன் சீட்டுக்காரர் முதுகில் உதைவிட்டேனே, அன்றைக்கும் மன்னிப்புக் கேட்கும் முன்பே நீ பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாய். "தப்பா நெனைக்காதிய. தூக்கம் பிடிக்கிற நேரத்துல உடம்பு தளரும். கீழ விழுதோம்போலன்னு மூளை பயந்து காலை உதறும். எல்லாருக்கும் உள்ளதுதான்." அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவரு மூளை பயந்ததுக்கு என் முதுகு என்னய்யா செஞ்சுது?" என்றார். நீ மூக்குடைபட்ட இடங்களில் அது ஒன்று.

இன்னொன்று நம் குலதெய்வக் கோயிலில் நடந்தது. அதை நினைத்துத்தான் இன்றைக்குச் செல்போன் கடை வாசலில் பைத்தியக்காரன் போலத் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

என் மகளுக்கு வாசுதேவநல்லூர் மாப்பிள்ளையைப் பேசி முடித்த வாரம் அது. பையன் தங்கமானவன். அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. போனை வைத்துவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். அப்போது பார்த்து என் இடது கண் துடிக்க ஆரம்பித்தது. ஆம்பளைக்கு இடது கண் துடித்தால் ஆகாது என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். இந்தச் சம்பந்தம் வேண்டாம், விட்டுவிடலாம் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அதே வாரம் என் வீட்டுக்காரிக்கும் இடது கண் துடித்தது. பொம்பளைக்கு இடது கண் துடித்தால் நல்லது. அவள் பந்தலுக்கு ஆள் சொல்லக் கிளம்பிவிட்டாள். ஒரே வீடு, ஒரே பக்கத்துக் கண், ஆளுக்கொரு தீர்ப்பு. சோறு எடுத்து வைக்கும்போதுகூட ஒருவர் கண்ணை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தோம்.

வழக்கு உன்னிடம் வந்தது. இருவரையும் உட்கார வைத்து மாறி மாறிப் பார்த்தாய். "ரெண்டு பேரும் ஒரே சட்டி டீயைத்தான் குடிக்கிய. கல்யாண வீடுன்னு ரெண்டு பேரும் தூங்கலை. இதுல நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை," என்றாய். நான் அதைக் காதில் வாங்கவில்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கிடா நேர்ந்திருக்கிறேன், மஞ்சள் தண்ணீர் தெளிக்கும்போது கிடா சிலுப்பினால் கல்யாணம், சிலுப்பாவிட்டால் இல்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டேன். கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமி சம்மதம் என்பது நம் கோயில் வழக்கம். நீ தலையில் அடித்துக்கொண்டாய். "பிள்ளை வாழ்க்கையை ஆட்டுகிட்ட கேக்கே. என்கிட்ட கேக்க மாட்டேங்கே."

திருவேங்கடத்துக்கு அந்தப் பக்கம், கரிசல் காட்டு நடுவில் நம் கோயில். உச்சி வெயில். கிடா கொழுகொழுவென்று, நல்ல கறுப்பு. நம்பிக்கை இல்லாவிட்டாலும் பங்காளி முறைக்காக வந்திருந்த உன் கையில் யாரோ கயிற்றைக் கொடுத்துவிட்டார்கள். பூசாரி தண்ணீரைத் தெளித்தார். கிடா சிலுப்பவில்லை. மறுபடி தெளித்தார். கழுத்தில் கிடந்த மாலையை எட்டித் தின்ன ஆரம்பித்தது. உழவுக்காரச் சம்சாரி ஒருவர் "மாலையைக் கழத்துங்கய்யா, அதுக்குச் சாப்பாட்டுலதான் கவனம்" என்றார். கழற்றினார்கள். அப்போதும் இல்லை. குலவை போட வந்த பெண்கள் வாயில் கை வைத்தபடி காத்து நின்றார்கள். என் மகள் கோயில் வேப்பமரத்தடியில் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். பூசாரிக்கு ரோஷம் வந்து செம்பை விட்டுக் குடத்தைத் தூக்கி அப்படியே வீசினார்.

சிலிர்த்தது. கிடா இல்லை, நீ. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் ஒரு உதறு உதறி, 'ஹ்ர்ர்ர்' என்று ஒரு சத்தமும் கொடுத்தாய். உடனே குலவை பறந்தது பார்.

"சாமி ஆள் மேலயே எறங்கிட்டுய்யா!"

"ஏ, அதெல்லாம் இல்லை. தண்ணி பட்டா கூசாதா?" என்று நீ கத்தினாய்.

"மொதல்ல எல்லாரும் இப்படித்தான் மறுப்பாக," என்று பூசாரி உன் நெற்றியில் திருநீற்றை அப்பினார்.

"வே, நான் மெடிக்கல் கடைக்காரன்!"

"அதான் சாமி ஆளைப் பாத்து வந்திருக்கு," என்றார் அவர். நீ சொன்ன ஒவ்வொரு மறுப்பும் ஒரு அத்தாட்சியாகப் போயிற்று. கிடா கழுத்திலிருந்து இறக்கிய பாதி தின்ற மாலை உன் கழுத்தில் ஏறியது. கூட்டத்தில் ஒருவன் மெதுவாக, "சிலுப்புனது இவுகன்னா, இப்பம் யாரை வெட்டணும்?" என்று கேட்டான். அதைக் கேட்டதும் உன் முகம் போன போக்கு, ஐயோ, எனக்கு இன்னும் விலா நோகிறது.

ஆனால் அந்த நேரத்தில் நான் சிரிக்கவில்லை. தலைகால் புரியாமல் உன் காலில் விழுந்தேன். உன் காலில்! "சாமி, எம்புள்ள கல்யாணத்த நடத்தலாமா, வேண்டாமா?" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். எனக்குப் பின்னால் நின்ற என் மகளைப் பார்த்தாய். நடத்து என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சாமி பேரைச் சொல்லி ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன் என்று நீ வாழ்ந்தவன். அதனால், உள்ளதைத்தான் சொன்னாய். சாமி மாதிரி சத்தம் போட்டுச் சொன்னாய்.

"ஏலே! கோழி கூவ முன்ன எந்திச்சு டீயா ஊத்திக்கிடுதியே, ஒனக்குக் கண்ணு துடிக்காம என்னலே செய்யும்? டீயைக் குறை! மத்தியானம் கடையைச் சாத்திட்டுத் தூங்கு! கண்ணு தானா நிக்கும்! நின்னா கல்யாணத்த நடத்து! நிக்கலைன்னா நல்ல கண் டாக்டரைப் போய்ப் பாரு!"

கண் டாக்டரைப் பார்க்கச் சொன்ன சாமியை நம் வகையறாவில் அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் அட்சரம் பிசகாமல் செய்தேன். டீயைக் குறைத்தேன், சந்தை கலைந்ததும் தூங்கினேன். அந்த வாரம் முடிவதற்குள் கண் நின்றுவிட்டது. கல்யாணம் நடந்தது.

நீதான் பல நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. "இத்தன வருசமா இதையேதான்லே சொல்லுதேன், கேட்டியா? மேலுல திருநீறப் பூசிச் சொன்னாத்தான் கேப்பியோ?" என்று பொருமினாய். அடுத்த மாதம் மேலநீலிதநல்லூர்ப் பெரியவர் தேங்காய் பழத்தோடு உன் கடைக்கு வந்தார். அவருக்கும் அதையே சொன்னாய்: போய்த் தூங்குங்க. இந்தத் தடவை அவர் எதிர்க் கடைக்குப் போகவில்லை. போய்த் தூங்கினார். சிலுப்பாத கிடாவை வெட்டக் கூடாது என்று பூசாரி சொல்லிவிட்டதால், அதுவும் உன் வீட்டுப் புறவாசலுக்கே வந்து சேர்ந்து, மாத்திரை வந்த அட்டைப்பெட்டிகளைத் தின்று செழித்தது.

கல்யாண மண்டபத்தில், பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது உன்னிடம் கேட்டேன். "உண்மையைச் சொல்லு. தண்ணிதானா?" நீ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதருகே வந்தாய். "தண்ணி பின்னாலதான் பட்டுதுலே. அதுக்கு முந்தியே சிலிர்த்துட்டு. கண்ண மூடிக் கும்பிட்டுக்கிட்டு நின்னா பாரு பிள்ளை, அவ மொகத்தப் பாத்தேன். அம்புட்டுதான்." பிறகு என் கையை அழுத்திப் பிடித்து, "வெளியில சொன்னே, கொன்னுபோடுவேன்," என்றாய். இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் உனக்கு நிஜமாகவே கோயில் கட்டியிருப்பார்கள்.

நீ போன அன்றைக்கு எனக்கு எந்தக் கண்ணும் துடிக்கவில்லை. இதை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். இடது, வலது, தோள், தொடை, ஒன்றுகூட அசையவில்லை. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, நீ சொன்னபடி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். உன் வீட்டிலிருந்து வந்த போன்தான் எழுப்பியது. சதைக்குப் பஞ்சாங்கம் தெரியாது என்று நீ சொன்னது சரிதான். அந்த ஒரு தடவையாவது நீ தோற்றிருக்கக் கூடாதா? ஒரு இமை துடித்திருந்தால் பதறி எழுந்து உன் கடைக்கு ஓடி வந்திருப்பேனே. உன் மேல் எனக்கு இருக்கிற கோபமெல்லாம் இது ஒன்றுதான்.

இன்று செல்போன் கடை வாசலிலிருந்து திரும்பி, டீக்கடையில் உட்கார்ந்தேன். முகூர்த்த நாள் நெருக்கம், சரியான தூக்கம் இல்லை, காலையிலிருந்து டீயும் அதிகம்தான். கண் துடிக்கிறதே என்ற கவலையில் இன்னொரு டீ சொன்னேன். கிளாஸ் கைக்கு வந்த நேரத்தில் வாசுதேவநல்லூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். எப்போதும் போல "எப்பா, நல்லாருக்கீளா?" என்று ஆரம்பிக்கவில்லை. பின்னால் டீ ஆற்றுகிற சத்தம் கேட்டிருக்கும் போல. அவள் குரலைத் தடித்துக்கொண்டு, உன் கோயில் சத்தத்தில் பாதியை அப்படியே இறக்கிவைத்தாள்.

"ஏலே! டீயைக் குறை!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு, "சித்தப்பா நெனப்பு வந்துட்டுப்பா, அதான் கூப்பிட்டேன்," என்றாள்.

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் ஒரு சிலிர்ப்பு ஓடிற்று. வெயில் ஏறிவிட்டிருந்தது, குளிரில்லை. மேலே ஒரு சொட்டுத் தண்ணீரும் படவில்லை. டீக்கடைக்காரர், "என்ன அண்ணாச்சி, திடீர்னு?" என்று கேட்டார். நரம்பு, என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தேன்.