மூன்றாவது தடவை முந்தியை உதறச் சொன்னேன்

இன்று காலை போடியில், உன்னைக் கூட்டிப்போன அதே டாக்டரிடம் போயிருந்தேன். இரண்டு முழங்காலையும் மடக்க முடியவில்லை. அமுக்கிப் பார்த்துவிட்டு, மூட்டுத் தேய்மானம்தான் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடையில் வாங்கிப் பார்த்தால், நீ மடியில் செருகி வைத்திருப்பாயே, அதே பச்சை அட்டை. பஸ் நிறுத்தத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நம் ஊர் சிலமலைக்குப் போகும் பஸ் இரண்டு போய்விட்டது.

டாக்டர் பேசியதும் அதே பேச்சுதான். உனக்குச் சொன்னபோது கூட இருந்தவள் நான்தானே. "வெறும் வயித்துல போடக்கூடாது. நாள் முழுக்க நல்லா தண்ணி குடிங்க. வேற வலி மாத்திரை எதையும் இதோட சேக்காதீங்க. நீங்க பிரஷர் மாத்திரையும் சாப்பிடுறதால ரெண்டு வாரத்துல ரத்தம் பாத்துடணும். மூத்திரம் கொறைஞ்சாலோ, காலு வீங்கினாலோ, மலம் கறுப்பாப் போனாலோ மாத்திரைய நிறுத்திட்டு ஒடனே வாங்க." வெளியே வந்ததும், இல்லாத கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, "மாத்திரை ஒண்ணு, அதுக்குச் சட்டம் ஒம்பது மதினி" என்றாய். தெருவென்று பார்க்காமல் சிரித்தோம். ஆனால் நீ அந்தச் சட்டத்தை ஒன்றுவிடாமல் கடைப்பிடித்தாய்.

நம் ஏலக்காய் குடோனில் உனக்கு முன்னால் யாருக்கும் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்கும் தேவை வந்ததில்லை. மலையிலிருந்து மூட்டை இறங்கும். பெண்கள் தரையில் உட்கார்ந்து, சொளகில் கொட்டி, நல்ல காயையும் வெடித்த காயையும் தனித்தனியே பொறுக்குவார்கள். அவர்களுக்கு நான் மேஸ்திரி. காய் விற்கிற விலைக்கு, யார் வெளியே போனாலும் சேலை முந்தியை உதறிக் காட்டிவிட்டுத்தான் போகவேண்டும். கக்கூசுக்குப் போனாலும் அப்படித்தான். உதறுவதைப் பார்ப்பது என் சோலி. அதற்குக் கூசியே முக்கால்வாசிப் பேர் காலையில் தண்ணீரைத் தொடமாட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை போவதோடு சரி.

நீ மட்டும் இரண்டு லிட்டர் பாட்டிலோடு வந்தாய். மாத்திரை ஆரம்பித்த நாலாம் நாள், பதினொரு மணிக்குள் மூன்றாவது தடவை எழுந்து நின்றாய். முதலாளி அன்று குடோனில் இருந்தார். "அந்தம்மா என்ன, அடிக்கடி எந்திரிச்சுப் போகுது?" என்று என்னைக் கேட்டார். நாத்தனார் முறை என்று சலுகை காட்டுகிறேன் என நினைத்துவிடுவாரோ என்று எனக்குப் பட்டது. வேலை போய்விடும் என்ற பயம்.

"ஏ புள்ள, வயித்துல கொழாய் கட்டி வச்சிருக்கியா, இல்ல வீட்டுல பாயாசத்துக்குக் காய் பத்தலையா?" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

நீ முந்தியை உதறினாய். "மடியையும் அவுத்துக் காட்டு" என்றேன். பெண்கள் சிரித்தார்கள். சிரிக்க வேண்டும் என்றுதான் நான் அப்படிச் சொன்னேன். மடியிலிருந்து விழுந்தது மாத்திரை அட்டை.

உனக்குத் திட்டத் தெரியாதா? தண்ணீர் லாரிக்காரனைத் தெருவே வேடிக்கை பார்க்க ஓடவிட்டவள் நீ. அன்று குனிந்து அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டாய். மறுநாளிலிருந்து அந்தப் பாட்டில் காலையில் எப்படி வந்ததோ அப்படியே சாயங்காலம் பஸ் ஏறியது. பக்கத்து சீட்டில் வந்த எனக்கு அது தெரியும். "குடியேன்" என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அன்றைக்கு நான் செய்தது தப்பென்று ஆகிவிடுமே. சோறு தின்றதும் மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டாய். ரத்தம் பார்க்க ஒரு நாள் லீவு கேட்டாய். சீசன் முடியட்டும் என்றேன். கொலுசு இறுக்கிக்கொள்ளும் அளவுக்குக் கால் வீங்கியபோது, "உக்காந்தே இருந்தா அப்படித்தான்" என்று வைத்தியமும் நானே சொன்னேன். கால் வீங்கினால் உடனே வரச்சொன்ன டாக்டரின் பேச்சு என் காதிலும் விழுந்ததுதானே.

மூத்திரம் நின்றுபோய் உன்னைச் சேர்த்த தேனி ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் உன்னிடம் கேட்டார். "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்கம்மா?" நான் உன் தலைமாட்டில் நின்றேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "எனக்குத் தாகமே எடுக்காது சார்" என்றாய். பிரஷர் மாத்திரையும் இந்த மாத்திரையும் காய்ந்த உடம்பில் சேர்ந்து சிறுநீரகத்தைச் சாய்த்துவிட்டன என்றார் அவர். நான் உன் தலையணையைச் சரிசெய்தேன்.

மெஷினில் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்ய ஆரம்பித்த பிறகு, சட்டம் தலைகீழானது. இனி தண்ணீர் அளவோடுதான், ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் கூடாது என்றார்கள். கோடை வெயில். உன் உதடு வெடித்திருந்தது. "மதினி, ஒரு மடக்கு" என்பாய். டம்ளரை உன் கைக்கு எட்டாமல் ஜன்னலில் தள்ளி வைத்தவளும் நான்தான். ஒரு நாள் கோபமே இல்லாமல் சொன்னாய்: "அன்னைக்கும் நீதான் குடிக்க விடல, இன்னைக்கும் நீதான்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாய். நான் அழுதேன். நாத்தனாருக்காக இப்படி உருகுகிறீர்களே என்று நர்சு என்னைத் தேற்றினாள். தேற்றட்டும் என்று விட்டுவிட்டேன்.

உன் காரியம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது உன் மகள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அத்தே, டாக்டரு அத்தன தடவ சொல்லியும் எங்கம்மா ஏன் தண்ணி குடிக்காம இருந்துச்சு? நீங்க கூடவேதான இருந்தீக?"

அங்கே சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "அவ யாரு சொல்லிக் கேட்டா? பிடிவாதக்காரி."

மகள் நம்பினாள். தெருவும் நம்பியது. இப்போது யார் மூட்டுவலி மாத்திரை வாங்கி வந்தாலும், டாக்டர் பேச்சைக் கேட்காமல் செத்தவள் என்று உன்னைத்தான் காட்டுகிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். நீ எல்லோர் பேச்சையும் கேட்டவள். முதலில் டாக்டர் சொன்னதைக் கேட்டாய், அப்புறம் நான் சொன்னதைக் கேட்டாய். இதை இந்தக் காகிதத்தில் எழுத முடிகிறது. எதிர்வீட்டில் இருக்கும் உன் மகளிடம் சொல்ல முடியவில்லை.

நாளைக்குக் குடோனில் நான் எத்தனை தடவை எழுந்து போனாலும் கேட்க ஆளில்லை. மேஸ்திரியை யார் உதறச் சொல்லப் போகிறார்கள்?

நான் டாக்டரிடம் போய்வந்ததைக் கேள்விப்பட்டு, சாயங்காலம் உன் மகள் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டு வந்தாள். "எங்கம்மா மாதிரி நீங்களும் பிடிவாதம் பிடிக்காதீக அத்தே. குடிங்க" என்று நான் முடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள்.

ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.