ஆறட்டும் என்று உட்கார்ந்தேன்

அன்புள்ள மகளுக்கு,

நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே உன் அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, எல்லோரும் நலம், உன் சித்தப்பாவின் புத்தியைத் தவிர. தம்பிக்குப் பழைய பைக் வாங்க நீ பணம் அனுப்பினாய், சரி. அம்மா போக வேண்டாம், சித்தப்பா பார்த்து முடிக்கட்டும் என்றும் சொல்லி அனுப்பினாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பதினெட்டு வருஷம் மொபெட்டில் வீடு வீடாக ரொட்டி போட்டவள் நான். கார்புரேட்டரைக் கழற்றி மாட்ட எந்தப் பள்ளிக்கூடமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. உன் சித்தப்பாவுக்குப் பெட்ரோல் மூடியைத் திறக்கவே இரண்டு கை போதாது. அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அண்ணி, ஒரே கை ஓட்டின வண்டி, பெயிண்ட்ல முகம் பாக்கலாம்" என்கிறார். முகம் பார்க்கக் கண்ணாடி போதாதா, நாற்பதாயிரம் எதற்கு?

வியாழக்கிழமை அவரையும் இழுத்துக்கொண்டு நானே போனேன். விற்கிறவர் ஜன்னல் கண்ணாடி அறுத்துக் கொடுக்கும் கடைக்காரர். கடைக்குப் பின்னால் கொட்டகையில் வண்டியைத் துடைத்து நிறுத்தியிருந்தார். மீட்டர் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் என்கிறது, பிரேக் மிதியோ மழித்த தாடை மாதிரி வழவழவென்று தேய்ந்திருக்கிறது. காலில் அரம் கட்டிக்கொண்டா ஓட்டினார்? "காலைலேருந்து தொடவே இல்லம்மா, ஒரே உதைல எந்திரிக்கும் பாருங்க" என்றார். எஞ்சினில் கை வைத்தேன், சுட்டது. சூட்டில் எந்த ஓட்டை எஞ்சினும் ஒரே உதையில் எழும். ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி வண்டிக்கு எதிரே போட்டு, ஆறட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மணி நேரம். உன் சித்தப்பா நெளிந்தார், "அண்ணி, போறவன் வர்றவன்லாம் சிரிக்கிறான், வாங்க போலாம்" என்று. சிரிக்கட்டும், பல்லுக்குக் காற்றுப் படட்டும் என்றேன். கடைசியில் கடைக்காரரே பொறுக்க மாட்டாமல் அறுக்கிற கண்ணாடியை வைத்துவிட்டு வந்தார். "என் மேல கோவப்படாதீங்கம்மா. உங்க பையன்தான் போன் பண்ணான். அம்மா வர்றதுக்குள்ள ரெண்டு ரவுண்டு அடிச்சு சூடாக்கி வெச்சிருங்கண்ணே, ஏற்கெனவே நாலு வண்டிய வேண்டாம்னுட்டாங்கன்னான்" என்றார். நான் பெற்ற பிள்ளையே எனக்கு எதிர்க்கட்சி! எழுந்து வந்திருக்கலாம், வரவில்லை. ஆறிய பிறகு உதைத்தேன். ஏழாவது உதையில்தான் எழுந்தது, எழுந்ததும் நீலப் புகை. பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரிகிறது. இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் பெறாது என்றேன். "அந்த விலைக்கு ஹாரனும் சைடு ஸ்டாண்டும் எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். வந்துவிட்டேன்.

வீட்டில் உன் தம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவன் தலைகூடக் குனியவில்லை. "திங்கக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு நான் குளிர்கிடங்கு வாசல்ல நிக்கணும்மா. முதல் பஸ்ஸே ஆறுக்குத்தான். மொத நாளே லேட்டானா வேலை வேற ஆளுக்குப் போயிடும். நீ குத்தமில்லாத வண்டி தேடுற, எனக்கு ஓடுற வண்டி போதும்" என்றான். ஓடுகிற வண்டியாம். வழியில் நின்றால் தோளில் தூக்கிக்கொண்டு போவானா? நேற்றுக் கடை திறக்கும் முன்பே மறுபடி போனேன். என்னைப் பார்த்ததும் கடைக்காரர் முதல் வேலையாக ஸ்டூலை உள்ளே எடுத்து வைத்தார். நான் தரையில் உட்கார்ந்தேன். இருபத்தெட்டுக்கு முடிந்தது. நான் இறங்கி வந்தேன் என்று நினைக்காதே, கூடக் கொடுத்த மூன்றை ஸ்டூல் வாடகை என்று வைத்துக்கொள். மிச்சப் பணம் உனக்குத் திரும்பி வராது, ரிங்கும் கேஸ்கெட்டும் வாங்கிவிட்டேன். எஞ்சின் இப்போது முன்னறையில் பழைய செய்தித்தாள் மேல் கிடக்கிறது, உன் அப்பா அதைத் தாண்டித் தாண்டி நடக்கிறார், முழங்காலுக்கு அதுவும் பயிற்சிதான். நாளை மாலைக்குள் மாட்டிவிடுவேன். திங்கள் விடியுமுன் ஆறின எஞ்சினை அவன்தான் உதைக்க வேண்டும், நான் பக்கத்தில் நின்று எண்ணுவேன்.

அவனோடு இன்னும் பேசவில்லை. எஞ்சின் ஆற இரண்டு மணி நேரம் போதும், எனக்குப் போதாது. ஹெல்மெட் மட்டும் புதிதாக வாங்கி அவன் கட்டில் மேல் வைத்திருக்கிறேன். அதற்கு நான் விலை பேசவில்லை.

நோய்நொடி இல்லாமல், யாருக்கும் தலைவணங்காமல் நன்றாக இரு. இனிமேல் எதற்காவது பணம் அனுப்பினால், யார் போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லாதே.

இப்படிக்கு,
வேண்டாம் என்றாலும் போய்ப் பார்க்கும்
உன் அம்மா