நட்சத்திரங்களும் என் சிறுநீரகக் கல்லும்

மார்ச் 4, செவ்வாய்

ஐம்பத்திரண்டு வயதில் என்னை நான்காம் வகுப்புக்கு அனுப்புகிறார்கள். பிள்ளைகளுக்கு அறிவியல் புத்தகம் எழுதியதற்குத் தண்டனை.

பதிப்பகத்து எடிட்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டுவதால் மனதுக்குள் கத்தரி என்று பெயர் வைத்திருக்கிறேன். என் 'நட்சத்திரங்களின் பிறப்பும் இறப்பும்' கைப்பிரதியைக் காய்கறி எடை பார்ப்பது போலக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சார், இதைப் பசங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க. நான் கடைசி பெஞ்சுல உக்காந்திருப்பேன். முதல் குழந்தை எந்த வரியில ஜன்னல் பக்கம் திரும்புதோ, அங்க பென்சில்ல ஒரு கோடு. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! இருபத்தாறு வருடமாகக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். என் வகுப்பில் ஒருவனும் ஜன்னல் பக்கம் திரும்பியதில்லை. நேராகப் பார்த்தபடியே தூங்குவார்கள், அது வேறு விஷயம்.

வீட்டில் சொன்னேன். "பாவம் அந்தப் பசங்க" என்றாள் என் மனைவி.

மார்ச் 11, செவ்வாய்

கோடு முதல் வரியிலேயே விழுந்தது.

"அண்டவெளியின் அளப்பரிய விரிவில்" என்று கம்பீரமாக ஆரம்பித்தேன். 'அளப்பரிய'வில் ஒரு பையன் தண்ணீர் குடிக்க எழுந்து போனான். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேருக்குத் தாகம் வந்துவிட்டது. மூன்றாம் பக்கத்தில் ஒருத்தி டீச்சரிடம், "இவரு எப்ப மிஸ் முடிப்பாரு?" என்று கேட்டாள், என் காதுபடவே. டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கும் அதே சந்தேகம் இருந்திருக்க வேண்டும்.

பிறகுதான் நடந்தது அந்த அசம்பாவிதம். முன்வரிசையில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி, "சார், ஏன் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறீங்க?" என்றாள். போன மாதம் சிறுநீரகத்தில் கல் வந்தது, போய்விட்டது, வலி மட்டும் கொஞ்சம் மிச்சம் என்று யதார்த்தமாகச் சொல்லிவிட்டேன்.

"கல்லா? ரோட்டுல கிடக்குமே, அதா?"

"முழுங்கிட்டீங்களா சார்?"

"எந்த வழியா வெளிய வந்துச்சு?"

சொன்னேன். வேறென்ன செய்ய? வகுப்பே அலறியது. தண்ணீர் குடிக்கப் போனவன் திரும்பி வந்து என் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டான். இருபது நிமிடம் கண்கொட்டாமல் கேட்டார்கள். கத்தரி எப்போதோ பென்சிலைப் பைக்குள் போட்டிருந்தாள்.

மார்ச் 13, வியாழன்

கத்தரி போன் செய்தாள். "சார், நம்ம புத்தகம் கிடைச்சிடுச்சு!"

எனக்கு ஒரு நொடி நெஞ்சு நிறைந்துவிட்டது. வெட்கக்கேடு.

"கல்லு சார். உங்க கல்லு. அது எப்படி வந்துச்சு, எப்படி வலிச்சுச்சு, எப்படிப் போச்சு. முப்பது பக்கம் போதும். அது வித்துச்சுன்னா அப்புறம் நட்சத்திரத்தைப் பத்திப் பேசலாம்."

முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன். எட்டு வருட உழைப்பு சார் அது! — என்று நானே என்னிடம் சார் போட்டுக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

மனைவியிடம் நியாயம் கேட்டுப் போனேன். "கல்யாணம் ஆனதுலேர்ந்து பாக்குறேன். நீங்க பேசி, நாலு பேரு முழுசா உக்காந்து கேட்டது இது ஒண்ணுதாங்க. பேசாம எழுதுங்க."

மார்ச் 14, வெள்ளி

இன்னும் கோபம். இருவர் மீதும்.

மார்ச் 22, சனி

எழுத ஆரம்பித்துவிட்டேன். நட்சத்திரங்களுக்காகத்தான், வேறு எதற்காகவும் இல்லை.

ஏப்ரல் 7, திங்கள்

விஷயம் எப்படியோ கல்லூரிக்குப் போய்விட்டது. துறைத் தலைவர் ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "என்ன சார், கல்லு முடிஞ்சதும் அடுத்து மூலமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், விளக்கெண்ணெய் குடித்தவன் மாதிரி. பிறகு காலி லேபுக்குள் போய் உட்கார்ந்தபோது அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது. பத்து வயதில் எனக்கு வானத்தைப் பற்றிப் புரிகிற மாதிரி ஒரு புத்தகம் கிடைக்கவில்லை. அதைத்தானே எழுத உட்கார்ந்தேன்? ஆளைப் பார், எங்கே வந்து நிற்கிறேன்.

ஏப்ரல் 30, புதன்

கத்தரி வீட்டுக்கு வந்து வெட்டிவிட்டுப் போனாள். "'சொல்லொணா வேதனை' வேண்டாம் சார். கத்துனீங்களா?"

"லேசா முனகினேன்."

அடுக்களையிலிருந்து குரல் வந்தது: "தெருவே எந்திரிச்சு வந்துச்சும்மா!"

'தெருவே எழுந்து வந்தது' என்று கத்தரி கைப்பிரதியில் எழுதிக்கொண்டாள். அத்தியாயத்தின் முதல் வரி இப்போது அதுதான். என் புத்தகத்தின் நல்ல வரியை என் மனைவி எழுதியிருக்கிறாள். அதை அவளே இரண்டு தடவை சொல்லிக் காட்டியும் விட்டாள்.

ஜூன் 18, புதன்

அச்சுக்கு முன் கடைசி வாசிப்பு. அதே பிள்ளைகள், இப்போது ஐந்தாம் வகுப்பு. கத்தரி அதே கடைசி பெஞ்சில்.

கோடே விழவில்லை. எனக்குப் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்? கல்லில் கால்சியம் இருக்கிறது என்ற இடத்தில் கண்ணாடிக்காரி கையைத் தூக்கினாள்.

"கால்சியம் உங்க உடம்புக்குள்ள எப்படி வந்துச்சு?"

"சாப்பாட்டுலேர்ந்து."

"சாப்பாட்டுக்குள்ள?"

"மண்ணுலேர்ந்து."

"மண்ணுக்குள்ள?"

"பூமி உருவானப்பவே இருந்துச்சும்மா."

"அதுக்கு முன்னாடி?"

பதில் புத்தகத்தில் இல்லை. கத்தரியைப் பார்த்தேன். தலையை ஆட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

"நட்சத்திரத்துக்குள்ள" என்றேன். "பூமி பிறக்குறதுக்கு முன்னாடியே செத்துப்போன நட்சத்திரங்கள். அதுக்குள்ளதான் கால்சியம் உண்டாச்சு. வெடிச்சப்ப வெளிய சிதறுச்சு."

கண்ணாடிக்காரி மெல்ல எழுந்தாள். "அப்போ நட்சத்திரத்தையா சார் டாய்லெட்ல போட்டுத் தண்ணி ஊத்துனீங்க?"

வகுப்பு முழுவதும் என்னைக் கொலைக் குற்றவாளியைப் போலப் பார்த்தது. இதைச் சொல்ல நான் நட்சத்திரப் புத்தகத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் பதினான்கு பக்கம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள். வயிறு எரிந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

மணி அடித்ததும் எல்லாரும் பறந்துவிட்டார்கள். அவள் மட்டும் போகவில்லை.

"அந்த நட்சத்திரம் ஏன் சார் செத்துச்சு? அதுக்குப் புத்தகம் இருக்கா?"

"இருக்கு."

"பெருசா?"

இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். படத்துக்கு இடமில்லை.

"நாலு பக்கம்தான்" என்றேன்.

ஜூன் 21, சனி

காலையிலிருந்து சாப்பாட்டு மேசை முழுவதும் நட்சத்திரம். மூன்று அத்தியாயம் போய்விட்டது. முன்னுரையை முழுதாக எடுத்துவிட்டேன், யாரும் சாகவில்லை. அடிக்குறிப்புகளைப் பிடுங்கும்போதுதான் கொஞ்சம் வலித்தது. மனைவி எட்டிப் பார்த்து, "ஐயய்யோ, எதுக்கு இப்படிக் கிழிக்கிறீங்க?" என்று பதறினாள். அவளுக்கே பாவமாக இருந்திருக்கிறது!

மதியம் கத்தரி போன் செய்தாள். கல் புத்தகம் அச்சுக்குப் போய்விட்டதாம். "சார், அது விக்கிறவரைக்கும் காத்திருக்க வேணாம், இப்பவே அந்த நட்சத்திரப் புத்தகத்தைக் குடுங்க. பயப்படாதீங்க. நான் பாத்துப் பாத்து, மெதுவா வெட்டித் தர்றேன்."

"வேண்டாம்மா" என்றேன். "நீங்க ரொம்ப இரக்கப்படுவீங்க."