அக்கரையில் ஊதிய விசில்

இன்று காலை பக்கத்து மாடிவீட்டுக் காவற்காரர், ஒரு கார் பின்னுக்கு வருவதற்காக விசில் ஊதினார். மரக்கறிப் பையோடு கொழும்பு வெள்ளவத்தையின் காலி வீதியில் வந்துகொண்டிருந்த நான் அப்படியே நின்று, கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்துவிட்டேன். சண்டை முடிந்து, விசில் ஊதி மறிக்கிற சோதனைச் சாவடிகளும் போய் எத்தனை வருசம்! எனக்கே சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னால், இஞ்சாருங்கோ, உங்கள் நினைவு வந்தது.

பாங்கொக்கில் அந்த ஆறு நினைவிருக்கிறதா? சுவிசில் அகதியாக இருந்த மகன் கொழும்புக்கு வந்தால் பிறகு திரும்பிப் போக முடியாது. அதனால் நாங்கள்தான் பாங்கொக் போய் அவனைப் பார்த்தோம். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான், பாஸ்போர்ட்டில் வடிவாய்த் தமிழில் கையெழுத்து வைத்து விமானம் ஏறினேன். மருமகளையும் பேத்தியையும் முதன்முதலாய்க் கண்டது அங்கேதான். பேத்திக்கு அப்படியே என் மூக்கு.

அன்று அக்கரைக் கோயிலைப் பார்க்கப் படகில் ஏறினோம். ஒரு வாய் வெற்றிலை மென்று முடிக்கிற நேரம்கூட இல்லாத ஓட்டம். அதற்குள் மகன் கதையைத் தொடங்கினான்.

"அப்பா, குளிருக்கை இருந்தது காணும். அகதிக் கடதாசியைத் திருப்பிக் குடுத்திட்டு ஒரேயடியா வெள்ளவத்தைக்கு வந்திடுறம். அங்கை இப்ப பிரச்சினை இல்லைத்தானே?"

"ஒரு பிரச்சினையும் இல்லை மோனை. வா."

எங்கள் கீழ்வீட்டுப் பொடியனைப் பொலிஸ் விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போனதை நீங்கள் சொல்லவில்லை. பேத்தி உங்கள் மடியில் இருந்தாள். நானோ, எந்த அறையை அவர்களுக்குக் கொடுக்கலாம் என்று மனத்துக்குள் கட்டில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

படகு அக்கரையில் முட்டியது. துறையில் காக்கிச் சட்டையோடு நின்றவர், கயிற்றைக் கட்டச் சொல்லி விசில் ஊதினார். நீங்கள் பேத்தியை இறக்கிவிட்டு எழும்பினீர்கள். சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து அவருக்கு முன்னால் நீட்டினீர்கள். பக்கத்தில் நானும் நீட்டிக்கொண்டு நின்றேன், வெள்ளவத்தைச் சந்திச் சோதனைச் சாவடியில் நிற்கிற மாதிரியே. அந்த மனிசன் இரண்டு அட்டையையும் பார்த்தார். ஒன்றும் விளங்காமல் எங்களைக் கைகூப்பிக் கும்பிட்டார்.

"என்ர படம் வடிவா இருக்கெண்டு கும்பிடுறார்" என்று பகிடி விட்டீர்கள். மருமகள் சிரித்தாள். மகன் உங்கள் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்பா, அதை உள்ளுக்கு வையுங்கோ."

அதற்குப் பிறகு, வருவதைப் பற்றி அவன் ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

திரும்பி வரும்போது விமானத்தில் சொன்னீர்கள்: "பாத்தீரோ, நான் வாயாலை மறைச்சதைக் கை காட்டிக் குடுத்திட்டுது." கொஞ்ச நேரம் கழித்து, "நல்லதுதான்" என்றீர்கள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள்.

உங்கள் செத்தவீட்டுக்கும் அவன் வரவில்லை. அப்போதும் சண்டை முடிந்திருக்கவில்லை. உங்கள் தம்பியின் மகன்தான் கொள்ளி வைத்தான். "பெத்த பிள்ளை வரேல்லையே" என்று வாசலில் நின்ற சனம் குசுகுசுத்தது. "வரவேண்டாம் எண்டு நான்தான் சொன்னனான்" என்றேன், எல்லாருக்கும் கேட்க. அழுகையை அவர்கள் போகும்வரை வைத்திருந்தேன்.

போன விடுமுறைக்குப் பேத்தி வந்திருந்தாள். சந்தியில் பொலிஸ்காரர் விசில் ஊத, திரும்பியும் பாராமல் கையை வீசிக்கொண்டு ரோட்டைக் கடந்து போனாள். அந்த நடையைப் பல்கனியில் நின்று பார்த்தேன். என் பேத்தி!

என் கை மட்டும் இன்னும் பழகவில்லை. உங்கள் அட்டையையும் என்னுடையதோடு சேர்த்து ஒரே உறைக்குள்தான் வைத்திருக்கிறேன். இன்று காலை விசில் கேட்டபோது, இரண்டும் சேர்ந்துதான் வெளியே வந்தன.